அண்டார்டிகா ஐஸ் மேல தேங்குற தண்ணி: நம்ம பக்கத்து ஆளுங்க அடிக்கடி கேக்குற கேள்விங்க

தருமபுரி, பாலக்கோடு, காவேரிப்பட்டணம் பக்கம் ஸ்கூல் பசங்களோட சாயங்காலத்துல உக்காந்து அறிவியல் பேசுறது என் வழக்கம். துருவத்து ஐஸ பத்தி பேச ஆரம்பிச்சா பசங்க மட்டும் இல்ல, கூட்டிட்டு போக வர்ற அப்பா அம்மாவும் நின்னு கேள்வி கேப்பாங்க. திரும்ப திரும்ப வர்ற கேள்விங்கள எடுத்து கொஞ்சம் விரிவா இங்க எழுதியிருக்கேன்.

ஐஸ் ஷெல்ஃப்னா கடல் தண்ணி உறைஞ்சு கெடக்கிறதுதானே சார்?

இல்லப்பா. கடல் தண்ணியே உறைஞ்சு வர்றதுக்கு சீ ஐஸ்னு பேரு, அது பெரும்பாலும் ஒரு மீட்டர் ரெண்டு மீட்டர் கனம்தான், குளிர்காலத்துல பரவும், கோடையில பாதிக்கு மேல கரைஞ்சிடும். ஐஸ் ஷெல்ஃப் வேற. அண்டார்டிகா நிலத்து மேல ஆயிரக்கணக்கான வருஷமா விழுந்த பனி ஒண்ணு மேல ஒண்ணு அழுந்தி ஐஸாகி, தன்னோட எடையிலயே மெதுமெதுவா கடல் பக்கம் நகந்து வந்து, கரைய தாண்டினதும் தண்ணி மேல மிதக்க ஆரம்பிக்கும், ஆனா பின்னாடி நிலத்து ஐஸோட ஒட்டிக்கிட்டேதான் இருக்கும். அந்த மிதக்கிற பகுதிதான் ஐஸ் ஷெல்ஃப். கனம் நூறு மீட்டர்லயும் இருக்கு, ஆயிரம் மீட்டருக்கு மேலயும் இருக்கு. அண்டார்டிகா கரையில முக்கால் பங்குக்கு இந்த மாதிரி ஷெல்ஃப்தான் விளிம்பா நிக்குது. அதுல பெருசு ராஸ் ஐஸ் ஷெல்ஃப், கிட்டத்தட்ட 5 லட்சம் சதுர கிலோமீட்டர், நம்ம தமிழ்நாட்ட மூணே முக்கால் தடவ அதுக்குள்ள வைக்கலாம்.

மிதக்கிற ஐஸ் உருகினா கடல் மட்டம் ஏறாதுனு புக்லயே போட்டிருக்கே, அப்புறம் எதுக்கு இவ்ளோ கவல?

புக்ல போட்டிருக்கிறது சரிதான். மிதக்கிற ஐஸ் ஏற்கனவே தன் எடைக்கு சமமான தண்ணிய தள்ளிட்டுதான் மிதக்குது, அதனால அது உருகினா மட்டம் பெருசா மாறாது. பிரச்சன அதுக்கு பின்னாடி நிலத்து மேல இருக்கிற ஐஸ்ல இருக்கு. ஷெல்ஃப் ரெண்டு பக்கமும் மலையிலயும் தீவுலயும் உரசிக்கிட்டு, கீழ கடல் தரையில அங்கங்க மேடு இருந்தா அதுல முட்டிக்கிட்டு நிக்குது, அந்த உரசல்தான் பின்னாடி வர்ற கிளேசியருக்கு, அதாவது நிலத்து மேல ஆறு மாதிரி நகர்ற ஐஸுக்கு, முட்டு. முட்டு போச்சுன்னா நிலத்து ஐஸ் வேகமா கடல்ல இறங்கும், அது இதுவரைக்கும் கடல்ல இல்லாத ஐஸ், அது இறங்கினா மட்டம் கண்டிப்பா ஏறும். அண்டார்டிகா நிலத்து மேல இருக்கிற மொத்த ஐஸும் கடல்ல சேந்தா உலக கடல் மட்டம் சுமார் 58 மீட்டர் ஏறுற அளவுக்கு இருக்கு. அதெல்லாம் ஒரே நாள்ல நடக்கப் போறதில்ல, ஆனா அதுல நூத்துல ஒரு பங்கு எறங்கினாலே அரை மீட்டருக்கு மேல.

மைனஸ் டிகிரியில இருக்கிற ஊர்ல தண்ணி எப்படி வரும்?

அங்க டிசம்பர், ஜனவரிதான் கோடை. பெரும்பாலான எடத்துல சூரியன் மறையவே மறையாது, 24 மணி நேரமும் வெயில். கரையோரத்துல, அதுவும் தென் அமெரிக்கா பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கிற அண்டார்டிக் தீபகற்பத்துல, வெப்பம் பூஜ்யத்த தாண்டுறது சாதாரணம். அங்க இருக்கிற எஸ்பெரன்சா ஸ்டேஷன்ல 2020 பிப்ரவரி 6-ஆம் தேதி 18.3 டிகிரி பதிவாச்சு, அண்டார்டிகா கண்டத்துல அதுதான் ரெக்கார்டு.

வெயில் மட்டும் இல்ல, காத்தும் பெரிய காரணம். தீபகற்பத்துல மேற்கு பக்கத்துல இருந்து வர்ற காத்து மலை ஏறி ஈரத்த அங்கயே கொட்டிட்டு, கிழக்கு சரிவுல இறங்கும்போது சூடா வறண்டு இறங்கும், ஃபோன் (Foehn) காத்துனு சொல்வாங்க, லார்சன் ஷெல்ஃபுங்க எல்லாம் அந்த கிழக்கு பக்கத்துலதான் இருக்கு. கிழக்கு அண்டார்டிகாவுல உள்நாட்டுல இருந்து சரிவுல பாயுற காத்து வேற வேலை பண்ணுது, மேல இருக்கிற வெள்ள பனிய வாரிட்டு போய் கீழ இருக்கிற நீல ஐஸ வெளிய காட்டிடும். புது பனி மேல விழுற வெளிச்சத்துல 80 சதவீதத்துக்கு மேல திருப்பி அனுப்பிடும், நீல ஐஸ் அவ்ளோ அனுப்பாது, தண்ணி இன்னும் கம்மியா அனுப்பும். ஆக ஒரு எடத்துல தண்ணி தேங்க ஆரம்பிச்சா அந்த எடம் இன்னும் வேகமா உருகும், குளம் தானே ஆழமாகும்.

உருகின தண்ணி எல்லாமே குளமா தேங்கிடுமா?

இல்ல, பல எடத்துல தேங்கவே தேங்காது, இந்த கேள்விலதான் விஷயத்தோட பாதி இருக்கு. ஷெல்ஃப் மேல பல மீட்டர் ஆழத்துக்கு முழுசா ஐஸா ஆகாத பழைய பனி இருக்கும், பேரு ஃபிர்ன். அதுக்குள்ள காத்து எடம் நெறைய. கோடையில உருகின தண்ணி அதுக்குள்ள இறங்கி, குளிர்ல திரும்ப உறைஞ்சிடும், மேல இருந்து பாத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். ஆனா தண்ணி உறையுறப்ப சூட்ட வெளிய விடும், 1 கிராம் தண்ணி உறைஞ்சா அந்த சூடு 160 கிராம் பனிய 1 டிகிரி ஏத்தும், அதனால வருஷா வருஷம் உள்ள இருக்கிற பனியும் மெல்ல சூடாகுது, காத்து இருந்த எடமும் ஐஸால அடையுது, நடுவுல கெட்டி ஐஸ் தகடு உருவாகி தண்ணி கீழ போற வழிய மறிக்குது. மேல புது பனி நெறைய விழுந்தா புதுசா காத்து எடம் கிடைக்கும், அங்க பரவால்ல. பனி விழுறத விட உருகுறது மிஞ்சினா ஃபிர்ன் தீந்து போகும். அது தீந்த அடுத்த கோடையில உருகுற தண்ணிக்கு போக எடம் இல்ல, தேங்கும்.

ஒரு ஷெல்ஃப் தாங்குமா தாங்காதானு கேட்டா அந்த வருஷம் எவ்ளோ உருகிச்சுனு மட்டும் பாக்கிறது பத்தாது, உருகின தண்ணி எங்க போச்சுனு பாக்கணும். நான் பசங்க கிட்ட ஒவ்வொரு தடவையும் அழுத்தி சொல்றது இதத்தான்.

சும்மா குளத்து தண்ணி 200 மீட்டர் கனமான ஐஸ எப்படிங்க பொளக்கும்?

நம்ம கிருஷ்ணகிரி கிரானைட் குவாரியில பாத்திருப்பீங்க, அவ்ளோ பெரிய பாறைய யாரும் அடிச்சு நொறுக்குறதில்ல, வரிசையா துளை போட்டு ஆப்ப இறக்குவாங்க, ஆப்பு ரெண்டு பக்கமும் தள்ளுற தள்ளுல விரிசல் தானே கீழ வரைக்கும் ஓடி கல்லு நேரா பொளந்துக்கும். ஐஸ் விரிசலுக்குள்ள தண்ணி பண்றது அந்த ஆப்பு வேலைதான்.

கணக்கு சின்னதுதான், பத்தாவது பசங்களே போட்ருவாங்க. ஐஸ் மேல சாதாரணமாவே விரிசல் இருக்கும். காலி விரிசல் கொஞ்ச ஆழத்துக்கு மேல போகாது, ஏன்னா கீழ போகப் போக சுத்தி இருக்கிற ஐஸோட எடை அத அழுத்தி மூடப் பாக்கும். இப்ப அதே விரிசல் முழுக்க தண்ணி நிரப்புங்க. ஐஸோட அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 917 கிலோ, தண்ணி 1000 கிலோ. ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் தண்ணி வெளிய தள்ளுற அழுத்தம், ஐஸ் உள்ள தள்ளுற அழுத்தத்த விட சுமார் 9 சதவீதம் ஜாஸ்தி. ஆழம் கூடக் கூட வித்தியாசமும் கூடும், அப்ப விரிசல் மூடாது, இன்னும் திறக்கும், தண்ணி விடாம வந்துக்கிட்டே இருந்தா அடி வரைக்கும் போயிடும். யோஹானஸ் வீர்ட்மன் 1973-லயே இத கணக்கு போட்டு எழுதிட்டார். ஹைட்ரோஃபிராக்சர்னு பேரு.

நிபந்தனை ஒண்ணு இருக்கு. விரிசல் திறக்கத் திறக்க அத நிரப்ப தண்ணி பக்கத்துலயே இருக்கணும், பாதி விரிசல் காலியா இருந்தா வேலை நின்னுடும். மேல குளம் இருக்கிறது ஏன் ஆபத்துன்னா இதுக்குத்தான்.

உண்மையிலயே இப்படி நடந்திருக்கா, இல்ல வெறும் கணக்குதானா?

நடந்திருக்கு, உலகமே சேட்டிலைட்ல பாத்துச்சு. லார்சன் பி.

மொதல்ல 1978. ஜான் மெர்சர்னு ஒரு விஞ்ஞானி நேச்சர் இதழ்ல எழுதினார்: அண்டார்டிகாவுல ஆபத்தான அளவுக்கு சூடு ஏறுதுங்கிறதுக்கு ஒரு அடையாளம், தீபகற்பத்தோட ரெண்டு கரையிலயும் ஐஸ் ஷெல்ஃபுங்க வடக்க இருந்து ஆரம்பிச்சு தெற்க பாத்து உடையுறதுனு. 1995 ஜனவரியில வடக்க இருந்த லார்சன் ஏ உடைஞ்சுச்சு. அடுத்து அதுக்கு தெற்க இருந்த லார்சன் பி.

2001-02 கோடை அங்க ரொம்ப சூடு. ஜனவரி கடைசியில எடுத்த சேட்டிலைட் படத்துல ஷெல்ஃப் மேல நீள நீளமா நீலக் கோடுங்க, எல்லாம் குளம், 2,000-க்கும் மேல. ஜனவரி 31-க்கு அப்புறம் சுமார் 35 நாள்ல 3,250 சதுர கிலோமீட்டர் காணாம போச்சு, கனம் சுமார் 220 மீட்டர், எடை 72,000 கோடி டன். நம்ம தருமபுரி மாவட்டத்துல கிட்டத்தட்ட முக்கால் பங்கு பரப்ப நெனச்சுக்கோங்க, அவ்ளோவும் ஒரு மாசத்துல பொடிப் பொடியா. கடல் அடிமண்ண எடுத்து ஆராய்ச்சி பண்ணினவங்க, 10,000 வருஷத்துக்கு மேல அந்த ஷெல்ஃப் உடையாம நின்னுருக்குனு கண்டுபிடிச்சாங்க. இத நான் எப்ப சொன்னாலும் பசங்க கொஞ்ச நேரம் பேச மாட்டாங்க, எனக்கும் அதுக்கு மேல உடனே பேச வராது.

ஏன் ஒரே நேரத்துல அத்தன குளம் வடிஞ்சுச்சுனு ஒரு கேள்வி இருக்கு. 2013-ல அலிசன் பான்வெல், டக்ளஸ் மெகாயல் எல்லாம் சேந்து ஒரு விளக்கம் கொடுத்தாங்க. குளத்து தண்ணியோட பாரத்துல மிதக்கிற ஐஸ் கீழ வளையும், குளம் சட்டுனு வடிஞ்சா பாரம் போய் ஐஸ் மேல எழும்பும், அந்த எழும்பல்ல குளத்த சுத்தி வட்டமா புது விரிசல் விழும், அந்த விரிசல் பக்கத்து குளத்துக்கு கீழ போனா அதுவும் வடியும், அப்புறம் அதுக்கு அடுத்தது, இப்படியே ஒண்ணு தொட்டு ஒண்ணு. பின்னாடி அவங்களே மெக்மர்டோ ஷெல்ஃப்ல போய் கருவி வச்சு அளந்தாங்க, 2016-17 கோடையில குளம் நிறைஞ்சு வடியுறப்ப ஐஸ் ஒரு மீட்டர் அளவுக்கு வளைஞ்சு நிமிந்தது பதிவாச்சு.

உடைஞ்சதுக்கு அப்புறம் பின்னாடி இருந்த ஹெக்டோரியா, கிரீன், எவன்ஸ், கிரேன் கிளேசியருங்க பல மடங்கு வேகமாச்சு, சில எடத்துல எட்டு மடங்கு வரைக்கும். அதே பகுதியில தெற்க ஷெல்ஃப் உடையாம இருந்த எடத்துல கிளேசியருங்க அப்படி வேகமாகல. முட்டு போனா என்ன ஆகும்ங்கிறதுக்கு இத விட தெளிவா ஒரு சாட்சி கிடைக்காது.

அப்ப குளம் தெரிஞ்சாலே அந்த ஷெல்ஃப் உடைஞ்சிடும்னு அர்த்தமா?

அப்படி சொல்லவே கூடாது. செய்தியில நீலக் குளம் படம் போட்டாலே "உடையப் போகுது"னு தலைப்பு வைக்கிறாங்க, அது தப்பு.

தீபகற்பத்து மேற்கு பக்கம் ஜார்ஜ் 6 ஐஸ் ஷெல்ஃப் இருக்கு. 2019-20 கோடையில அங்க முப்பது வருஷத்துல இல்லாத அளவுக்கு உருகி எங்க பாத்தாலும் தண்ணி, ஆனா உடையல. காரணம் அது அலெக்சாண்டர் தீவுக்கும் கண்டத்துக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு, ரெண்டு பக்கமும் நெருக்கப்பட்டு இருக்கு, விரிசல் திறக்க எடமே இல்ல. லார்சன் பி கடல் பக்கம் இழுபட்டு பரவிக்கிட்டு இருந்துச்சு, அங்க விரிசல் ஏற்கனவே திறக்கத் தயாரா இருந்துச்சு.

நான்சன் ஐஸ் ஷெல்ஃப் இன்னொரு மாதிரி. அங்க தண்ணி தேங்காம ஆறா ஓடி, ஷெல்ஃப் விளிம்புல இருந்து கடல்ல அருவியா விழுது, அருவி 130 மீட்டர் அகலம். நூறு வருஷத்துக்கு முன்னாடி ஸ்காட்ங்கிற பிரிட்டிஷ் துருவப் பயணியோட குழுவுல போனவங்களே அங்க தண்ணி ஓடுறத பாத்திருக்காங்க, அப்ப இருந்து ஷெல்ஃப் நிக்குது. ராபின் பெல் குழு 2017-ல இத எழுதினப்போ, வடிகால் இருந்தா ஷெல்ஃப் தப்பிக்கலாம்னு ஒரு வாதம் வந்துச்சு. ஆனா ஆறே விரிசல் வெட்டி விடுறதும் உண்டு, அதனால எனக்கு அத முழு ஆறுதலா எடுத்துக்க முடியல.

அப்புறம் கிழக்கு அண்டார்டிகாவுல இருக்கிற ஏமரி ஐஸ் ஷெல்ஃப். 2019 குளிர்காலத்துல, கும்மிருட்டுல, மேல ஐஸ் மூடியிருந்த ஒரு ஏரி 1,400 மீட்டர் கனமான ஐஸ பொளந்துக்கிட்டு கீழ கடலுக்கு வடிஞ்சிடுச்சு. போன தண்ணி 60 முதல் 75 கோடி கன மீட்டர், நம்ம கணக்குல சொன்னா 21-ல இருந்து 26 டிஎம்சி, மேட்டூர் அணை கொள்ளளவுல கால் பங்கு. சேட்டிலைட் லேசர் அளந்ததுல ஏரி இருந்த எடம் குழியாகி, சுத்தி இருந்த ஐஸ் மேல எழும்பியிருந்துச்சு. ஆனாலும் அவ்ளோ பெரிய ஷெல்ஃப் அப்படியேதான் இருக்கு. ஒரு ஏரி பொளக்கிறதும் மொத்த ஷெல்ஃப் நொறுங்குறதும் ஒண்ணு இல்ல.

2017-ல லார்சன் சி-ல பெரிய துண்டு உடைஞ்சுச்சே, அதுவும் இந்த தண்ணியாலயா?

இல்ல. அந்த துண்டுக்கு ஏ-68னு பேரு, சுமார் 5,800 சதுர கிலோமீட்டர், கிருஷ்ணகிரி மாவட்டத்த விட பெருசு, ஆனா அது கழண்டது பல வருஷமா ஓடின ஒரே ஒரு விரிசலால. ஷெல்ஃப் விளிம்புல துண்டு கழண்டு போறது எப்பவும் நடக்கிற விஷயம்தான், அப்படித்தான் ஷெல்ஃப் வந்த ஐஸ திருப்பி கொடுக்குது.

கீழ இருந்து கடல் சூட்டுல கரையுறதுதான் பெரிய பிரச்சனைனு யூடியூப்ல சொல்றாங்களே?

சரியாத்தான் சொல்றாங்க. இன்னைக்கு தேதிக்கு அண்டார்டிகா ஐஸ அதிகமா இழக்கிறதுக்கு காரணம், ஆழத்துல இருந்து வர்ற கொஞ்சம் சூடான கடல் தண்ணி ஷெல்ஃப அடியில இருந்து கரைக்கிறது. மேற்கு அண்டார்டிகாவுல த்வைட்ஸ், பைன் ஐலண்ட் ரெண்டும் அப்படித்தான் மெலிஞ்சுக்கிட்டு இருக்கு. மேல உருகுற தண்ணி அளவுல கம்மி. ஆனா அடியில கரையுறது மெதுவா பல வருஷம் எடுக்கும், மேல தேங்குற தண்ணி வாரக் கணக்குல முடிச்சிடும். ரெண்டும் சேந்தா இன்னும் மோசம், அடியில மெலிஞ்ச ஷெல்ஃப்ல விரிசல் அடி வரைக்கும் போக தூரம் கம்மி. லார்சன் பி-லயும் தண்ணி மட்டுமே காரணம்னு சொல்லிட முடியாது, முன்னாடி இருந்த சீ ஐஸ் போய் கடல் அலை விளிம்ப நேரா ஆட்டினதும் சேந்ததுனு ஆராய்ச்சி இருக்கு.

நம்ம இந்தியா ஸ்டேஷன் ஐஸ் ஷெல்ஃப் மேலதான் இருக்கா?

மொதல் ஸ்டேஷன் தட்சிண் கங்கோத்ரி ஐஸ் ஷெல்ஃப் மேலதான் 1983-84-ல கட்டுனாங்க. பனியில புதைஞ்சு போய் 1990-ல கைவிட வேண்டியதாச்சு. இப்ப இருக்கிற மைத்ரியும் (1989) பாரதியும் (2012) பாறை மேல இருக்கு. மைத்ரிக்கு வடக்க இருக்கிற நிவ்லிசன் ஷெல்ஃப்ல கோடையில தண்ணி தேங்கி ஓடுறத ஆராய்ச்சியாளருங்க சேட்டிலைட்ல தொடர்ந்து பாத்திருக்காங்க. மேல சொன்ன ஏமரி, பாரதி இருக்கிற பிரிட்ஸ் விரிகுடா பக்கம்தான். கோவாவுல இருக்கிற தேசிய துருவ மற்றும் கடல் ஆராய்ச்சி மையம்தான் எல்லாத்தையும் நடத்துது. இந்த துறையில வேலை பாக்கணும்னு ஆசப்படுற பசங்களுக்கு நான் சொல்றது, இயற்பியலும் கணக்கும் விடாம படிங்க, புவியியல்னா மனப்பாடம்னு நெனைக்காதீங்க.

ஒகேனக்கல்ல வர்ற தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

கிடையாது. காவேரி மழை ஆறு, பனி ஆறு இல்ல. சிக்கிம்ல 2023 அக்டோபர்ல ஏரி உடைஞ்சு வெள்ளம் வந்தது மலைமேல இருக்கிற கிளேசியர் ஏரி விஷயம், அதுவும் வேற.

கடலே இல்லாத தருமபுரிக்கு இதனால என்னங்க வந்துடப் போகுது?

தருமபுரிக்குள்ள கடல் வராது, யாரும் அப்படி சொல்லல. ஆனா ஒகேனக்கல்ல குதிக்கிற அதே தண்ணி மேட்டூர் தாண்டி போய் சேர்ற டெல்டாவ யோசிச்சு பாருங்க. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் நெலம் கடல் மட்டத்துக்கு கொஞ்சமே மேல இருக்கு. மட்டம் அரை மீட்டர் ஏறினா கரை மூழ்குறது ஒரு பக்கம், அதுக்கு முன்னாடியே கிணத்துல உப்பு ஏறும், புயல் வந்தா கடல் இன்னும் உள்ள வரும். நம்ம ஊர்ல பாதி வீட்ல யாராவது ஒருத்தர் சென்னையில வேலையில இருக்காங்க, நம்ம சோத்துக்கு டெல்டா நெல்லு வருது. எங்க ஊர்ல கடல் இல்லனு ஒதுங்கிக்கிற அளவுக்கு நம்ம வாழ்க்க தனியா இல்ல.

இனிமே எந்த ஷெல்ஃப் எப்ப உடையும்னு சொல்ல முடியுமா?

தேதி போட்டு சொல்ல முடியாது. ஆனா எங்க ஆபத்துனு வரையறுக்க முடியும். 2020-ல சிங்-யாவ் லாய் குழு கணக்கு போட்டாங்க, பின்னாடி இருக்கிற ஐஸுக்கு முட்டுக் கொடுக்கிற ஷெல்ஃப் பரப்புல சுமார் 60 சதவீதம், தண்ணி வந்து தேங்கினா பொளக்கிற நிலையில இருக்குனு. இப்ப அங்கெல்லாம் ஃபிர்ன் தாங்கிக்கிட்டு இருக்கு, இன்னும் தண்ணி தேங்கல, அவ்ளோதான் வித்தியாசம். 2024-ல ரெபெக்கா டெல் குழு சொன்னது இன்னும் கவனிக்க வேண்டியது: கோடை உச்சத்துல ஷெல்ஃப் மேல இருக்கிற தண்ணியில பாதிக்கு மேல குளமா தெரியாம, ஈரம் ஊறின பனிச்சேறா இருக்கு, இதுவரைக்கும் குளத்த மட்டும் எண்ணினதால அது கணக்குலயே சரியா வரல.

ஐ.நா.வோட காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியோட ஆறாவது அறிக்கையில 2100-க்குள்ள கடல் மட்டம் ஏறுறது, புகைய ரொம்ப குறைச்சா 0.28-ல இருந்து 0.55 மீட்டர், ரொம்ப அதிகமா விட்டா 0.63-ல இருந்து 1.01 மீட்டர். அதுக்கு மேல, புகை அதிகமா போற நிலையில 2 மீட்டர் கிட்ட போறதையும் தள்ளிட முடியாதுனு தனியா எழுதியிருக்காங்க, அந்த சந்தேகத்துக்கு பெரிய காரணமே அண்டார்டிகா ஐஸ்தான், அதுல ஷெல்ஃபுங்க எப்படி உடையும்ங்கிறது ஒரு முக்கியமான கேள்வி. புகைய குறைச்சா வர்ற கணக்குக்கும் அதிகமா விட்டா வர்ற கணக்குக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி நம்ம எரிக்கிற நிலக்கரி, பெட்ரோல்ல இருக்கு, அது இயற்கையோட விதி இல்ல.

வட துருவத்துலயும் ஐஸ் ஷெல்ஃப் இருக்கா?

அங்கயும் உண்டு, சின்னது. கிரீன்லாந்துல பீட்டர்மன், கனடாவுல எல்ஸ்மியர் தீவு. அங்க இருந்த மில்ன் ஐஸ் ஷெல்ஃப் 2020 ஜூலை கடைசியில உடைஞ்சு பரப்புல 40 சதவீதத்துக்கு மேல போச்சு.

இத நாங்களே பாக்க முடியுமா சார்?

தாராளமா. நாசாவோட வேர்ல்ட்வியூ வெப்சைட் இலவசம், போன்லயே திறக்கும். தேதிய டிசம்பர் கடைசிக்கோ ஜனவரிக்கோ வச்சு, மேப்ப அண்டார்டிக் வியூவுக்கு மாத்திட்டு, ஜார்ஜ் 6, ஏமரி, நிவ்லிசன் பேர தேடி பெருசு பண்ணுங்க, வெள்ளையில நீலமா திட்டு திட்டா தெரியுறது தண்ணி. லார்சன் பி வேணும்னா 2002 ஜனவரி 31-ஐயும் மார்ச் 7-ஐயும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. ஐரோப்பாவோட சென்டினல் படங்களும் இலவசம்தான், அதுல இன்னும் துல்லியமா தெரியும், ஒவ்வொரு குளமா எண்ணலாம். பாலக்கோட்டு பொண்ணுங்க ரெண்டு பேர் அதுல ஒரே ஷெல்ஃப வருஷா வருஷம் பாத்து நோட்ல வரைஞ்சு வச்சிருக்காங்க. அன்னைக்கு மேகம் மூடியிருந்தா விட்டுடாதீங்க, முன்ன பின்ன சில நாள் தள்ளி பாத்தா ஒரு தெளிவான படம் கிடைக்கலாம்.